பேனாவோடு அயர்லாந்துக்கு: வாசகர் கேள்வி பதில்

அயர்லாந்துக்குப் போய் எழுதியவர்கள், போகாமலே எழுதியவர்கள், அங்கிருந்து கதை எடுத்தவர்கள் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரைக்குப் பிறகு கேள்விகள் குவிந்துவிட்டன. ஒரே விஷயத்தைப் பலர் கேட்டிருந்ததால் சிலவற்றைச் சேர்த்துப் பதில் தந்திருக்கிறோம்.

கே: பன்னிரண்டு நாள் விடுப்பு கிடைத்திருக்கிறது. டப்ளின், ஸ்லைகோ, கால்வே, ஆரன் தீவுகள், கெர்ரி, பெல்ஃபாஸ்ட் என்று ஒரு சுற்றுப் போட்டு வைத்திருக்கிறேன். திரும்பி வந்ததும் ஒரு பயண நூல் எழுத ஆசை. திட்டம் சரிதானா? (வாசகர், தென்காசி)

ப: இந்தத் திட்டத்தில் போனால் பஸ் ஜன்னலைப் பற்றித்தான் நூல் வரும். ஆறு ஊரில் நான்கை அடித்துவிடுங்கள். டப்ளினில் நான்கு நாள், மேற்குக் கரையில் ஒரே இடத்தில் ஆறு நாள், மீதி இரண்டு நாள் போக்குவரத்துக்கும் கெடும் வானிலைக்கும். அந்த ஒரே இடம் எது என்று கேட்டால் எங்கள் ஓட்டு இனிஷ்மானுக்கு.

ஆரன் தீவுகள் மூன்று. பெரியது இனிஷ்மோர், சிறியது இனிஷீர், இரண்டுக்கும் நடுவில் இனிஷ்மான். சுற்றுலாக் கூட்டம் பெரிய தீவோடு நின்றுவிடும். காலையில் கப்பல், வாடகைச் சைக்கிள், டூன் ஏங்கஸ் கோட்டை, மாலையில் திரும்பும் கப்பல். இனிஷ்மானில் குடியிருப்பவர்கள் இருநூறுக்கும் குறைவு. வீட்டிலும் கடையிலும் ஐரிஷ் மொழிதான் பேச்சு. நாடகாசிரியர் ஜான் மில்லிங்டன் சிங் 1898 மே மாதம் முதலில் இறங்கியது பெரிய தீவில். சில நாளிலேயே இனிஷ்மானுக்கு மாறிவிட்டார். காரணம் அன்றும் இதேதான்: அங்கே ஐரிஷ் அதிகம், வெளியார் குறைவு. (இவர் பெயரைத் தமிழில் 'சிஞ்ச்' என்று எழுதுவதை நிறுத்துவோம். உச்சரிப்பு 'சிங்'. கவிஞர் 'ஈட்ஸ்' இல்லை, 'யேட்ஸ்'.)

பாரிசில் சிங்கைச் சந்தித்து ஆரனுக்குப் போகச் சொன்னவர் யேட்ஸ். சிங் ஒரு தடவை போய் வந்து எழுதிவிடவில்லை. 1898 முதல் 1902 வரை ஆண்டுக்கொரு முறை, மொத்தம் ஐந்து முறை போய்த் தங்கினார். அந்த வீடுகளில் கேட்ட கதைகளில் ஒன்று, மண்வெட்டியால் தகப்பனை அடித்துக் கொன்றுவிட்டு ஓடிவந்தவனைத் தீவுக்காரர்கள் ஒளித்து வைத்துக் காப்பாற்றியது. 1907 ஜனவரியில் டப்ளின் ஆபி தியேட்டரில் ரகளை நடக்கக் காரணமான அவருடைய 'தி பிளேபாய் ஆஃப் தி வெஸ்டர்ன் வேர்ல்ட்' நாடகத்துக்கு விதை அதுதான். பெண்களின் உள்ளாடையைக் குறிக்கும் ஒரு வார்த்தை மேடையில் வந்ததும் கூச்சல் கிளம்பியது என்பார்கள். கிராமத்தானைக் கொலைகாரனுக்குக் கொடி பிடிப்பவனாகக் காட்டிவிட்டானே என்ற கோபம் அதற்கு முன்பே சூடாகியிருந்தது.

வழி: டப்ளின் ஹூஸ்டன் நிலையத்திலிருந்து கால்வேக்கு ரயிலில் சுமார் இரண்டரை மணி நேரம். கால்வேயிலிருந்து ரோஸவீல் துறைமுகத்துக்குக் கப்பல் கம்பெனியின் பஸ்ஸே போகிறது. கப்பல் டிக்கெட் வாங்கும்போது பஸ்ஸையும் சேர்த்து வாங்குங்கள், தனியாக வேறு வண்டி பிடிப்பது சிரமம். துறையிலிருந்து பெரிய தீவுக்கு நாற்பது நிமிடம், இனிஷ்மானுக்கு அதைவிடச் சற்றுக் கூடும். கொனமாரா விமான நிலையத்திலிருந்து பறக்கும் குட்டி விமானத்தில் பத்து நிமிடமே. கிளேர் பக்கம் டூலினிலிருந்து வரும் கப்பல்களைக் குளிர்காலத்தில் நம்பாதீர்கள்.

எங்கே சறுக்கும் என்றால், காற்று. அட்லாண்டிக் பொங்கினால் கப்பல் ரத்து, மேகம் இறங்கினால் விமானமும் ரத்து. தீவை விட்டுக் கிளம்பும் நாளும் டப்ளினில் ஊருக்கு விமானம் ஏறும் நாளும் அடுத்தடுத்து வந்தால் நீங்களாகவே வம்பை விலைக்கு வாங்குகிறீர்கள். நடுவில் ஒரு முழு நாள் விடுங்கள். சிங் தங்கிய ஓட்டு வீடு... இல்லை, அது வைக்கோல் கூரை வீடு. கோடையில்தான் திறப்பார்கள். அவர் உட்கார்ந்து கடல் பார்த்த கல்லடுக்கு மேற்கு முனையில் இருக்கிறது, அதற்குப் பூட்டும் இல்லை, டிக்கெட்டும் இல்லை.

கே: ஆரன் ஸ்வெட்டரில் குடும்பத்துக்கொரு பின்னல் உண்டு, கடலில் மூழ்கியவனை அதை வைத்தே அடையாளம் கண்டுவிடுவார்கள் என்று படித்தேன். என் சிறுகதையின் முடிச்சே அதுதான். நம்பலாமா? (வாசகி, யாழ்ப்பாணம்)

ப: நம்பாதீர்கள். ஆனால் கதையைத் தூக்கிப் போடவும் வேண்டாம், ஏனென்றால் உண்மையான மூலம் இதைவிடப் பலமானது.

குடும்பச் சின்னம் போலப் பின்னல் வைத்திருந்தார்கள் என்பது ஸ்வெட்டர் விற்பவர்கள் வளர்த்த கதை. இன்று நாம் பார்க்கும் வெள்ளை ஆரன் ஸ்வெட்டரே இருபதாம் நூற்றாண்டில்தான் உருவாகி வந்தது. இந்த நம்பிக்கையின் வேர் சிங்கின் ஓரங்க நாடகம் 'கடலுக்குச் சவாரி செய்வோர்', மேடையேறியது 1904. அதில் ஸ்வெட்டர் வரவே வராது. வருவது ஒரு காலுறை.

காட்சியைக் கிட்டப் போய்ப் பாருங்கள். வடக்கே டோனகல் கரையில் ஒதுங்கிய யாரோ ஒருவனின் துணியை, ஒரு சட்டையும் ஒற்றைக் காலுறையும், பாதிரியார் மூட்டையாகக் கொடுத்தனுப்பியிருக்கிறார். தாய்க்குத் தெரியாமல் இரண்டு சகோதரிகள் அதைப் பிரிக்கிறார்கள். உப்பு நீரில் ஊறி இறுகிய கறுப்பு முடிச்சு விரலுக்கு அவிழவில்லை, கத்தியால் அறுக்கிறார்கள். சட்டைத் துணியை வீட்டிலிருக்கும் துணியோடு ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள். ஒன்றாகத்தான் இருக்கிறது. இருந்தென்ன, கால்வே கடைகளில் இதே துணி சுருள் சுருளாகக் கிடக்கிறதே, அண்ணன் ஒருவன்தானா உடுத்தினான்? இன்னும் நம்பிக்கை இருக்கிறது. அப்புறம் இளையவள் காலுறையை எடுத்துக் கண்ணிகளை எண்ணுகிறாள். தான் பின்னிய மூன்றாவது ஜோடியில் இரண்டாவது காலுறை அது. அறுபது கண்ணி ஏற்றி, நாலு கண்ணியை நழுவ விட்டிருந்தாள். எண்ணிக்கை சரியாக வருகிறது. அவ்வளவுதான்.

கடையில் கிடைக்கும் துணி எவனுக்கும் பொருந்தும், தங்கை விட்ட பிசகு ஒருவனுக்குத்தான் பொருந்தும். உங்கள் கதையில் 'குலப் பின்னல்' என்பதை எடுத்துவிட்டு, பின்னியவளின் கைத்தவறு ஒன்றை வையுங்கள். ஒரு நிபந்தனை: கதையின் முன்பகுதியிலேயே, யாரும் கவனிக்காதபடி, அந்தத் தவறு நடப்பதைக் காட்டிவிட வேண்டும். கடைசியில் திடீரென்று 'அவள் அன்று ஒரு கண்ணி விட்டிருந்தாள்' என்று சொன்னால் வாசகர் மன்னிக்க மாட்டார்.

கே: என் கதையில் ஐரிஷ் பாட்டி ஒருத்தி அடுப்பில் நிலக்கரி அள்ளிப் போடுகிறாள். படித்த நண்பர் 'அது கரி இல்லை, மண்' என்கிறார். யார் சரி? (வாசகர், கோவில்பட்டி)

ப: மேற்கு அயர்லாந்துக் கிராமம் என்றால் நண்பர் பக்கம்தான் தீர்ப்பு. அங்கே எரிப்பது டர்ஃப். சதுப்பு நிலத்தில் பாசியும் புல்லும் பல்லாயிரம் ஆண்டு நீரில் அமுங்கி, முழுக்க மக்காமல் கறுத்து உறைந்த பொருள். கரியாக இன்னும் மாறாத கரி என்று வைத்துக்கொள்ளுங்கள். பாட்டி அதை அள்ளிப் போட மாட்டாள், கட்டி கட்டியாக எடுத்து நிறுத்தி வைப்பாள்.

இது கதைக்கு நல்ல தீனி, ஏனென்றால் ஒரு குடும்பத்தின் முழுக் கோடையும் இதில் போகும். வசந்த காலக் கடைசியில், ஏப்ரல் மே மாதங்களில், மேலே இருக்கும் புல்லும் வேருமான தோலை முதலில் உரித்துத் தள்ளுவார்கள். பிறகு ஸ்லான் என்னும் ஒடுங்கிய மண்வெட்டி. அதன் தகட்டுக்குப் பக்கவாட்டில் ஒரு சிறகு நிற்கும், அதனால் ஒரே குத்தில் இரண்டு பக்கமும் அறுபட்டுச் செங்கல் போலக் கட்டி வரும், நீளம் ஏறக்குறைய ஓரடி. ஒருவர் வெட்ட, ஒருவர் பிடிக்க, இன்னொருவர் கொண்டுபோய்ப் பரப்ப, மூன்று பேர் வேலை. வெட்டும்போது அது வெண்ணெய் மாதிரி வழுக்கும், எடையில் பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர்.

ஓரிரு வாரம் கிடந்து மேல்தோல் காய்ந்ததும் குனிந்து ஐந்தாறு கட்டிகளை ஒன்றோடொன்று சாய்த்துக் கூம்பு போல நிறுத்த வேண்டும். காற்று உள்ளே புகுந்து போகத்தான் இந்த ஏற்பாடு. இடுப்பை ஒடிக்கும் வேலை, பெரும்பாலும் பிள்ளைகள் தலையில் விழும். காயக் காயக் கட்டி சுருங்கி, கெட்டித் தோல் பிடித்துவிட்டால் பிறகு பெய்யும் மழை உள்ளே இறங்காது. தோல் பிடிக்கும் முன் மழை விடாமல் பிடித்துக்கொண்டால்தான் ஆபத்து. கட்டி சதுப்பிலேயே கிடக்கும், பனி உறைந்தால் உள்ளே இருக்கும் நீர் பொங்கித் தூள் தூளாகிவிடும். அந்த வீட்டுக்கு அந்தக் குளிர்காலம் நீளமானது.

பாட்டியிடம் இரண்டு பழக்கங்களைக் கொடுங்கள். இரவில் அவள் நெருப்பை அணைப்பதில்லை. கங்குகளை ஒதுக்கிச் சாம்பலால் மூடி ஒரு பிரார்த்தனை சொல்வாள், விடிந்ததும் சாம்பலை விலக்கிப் புதுக் கட்டி வைப்பாள். ரொட்டியை மூடியிட்ட இரும்புச் சட்டியில் வைத்து, மூடி மேலும் கங்கு போடுவாள். சோடா மாவும் மோரும் சேர்த்த ரொட்டி என்றால் கதை 1840க்குப் பிறகு நடக்கட்டும், அதற்கு முன் அந்தச் சோடா கிராமத்து வீடுகளுக்குப் பரவவில்லை. இன்றைய கதை என்றால் இன்னொரு விஷயம்: 2022 அக்டோபர் கடைசியிலிருந்து டர்ஃபைக் கடையில் விற்கத் தடை. சதுப்பில் வெட்டும் உரிமை உள்ள குடும்பங்கள் தங்கள் தேவைக்கு வெட்டிக்கொள்ளலாம்.

கே: என்னிடம் இங்கிலாந்து விசா இருக்கிறது. அது போதுமா? ஷெங்கன் விசாவில் நுழைய முடியுமா? (வாசகி, திருச்சி)

ப: ஷெங்கன் செல்லாது. அயர்லாந்து ஐரோப்பிய ஒன்றியத்தில் உண்டு, ஒரே விசாவில் சுற்றக்கூடிய ஐரோப்பிய நாடுகளின் கூட்டான ஷெங்கனில் இல்லை. இதைத் தெரியாமல் பாரிசிலிருந்து டப்ளினுக்கு டிக்கெட் போட்டுவிட்டு விழிப்பவர்கள் நிறைய.

இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்களுக்கு பிரிட்டிஷ் ஐரிஷ் விசாத் திட்டம் என்று ஒன்று உண்டு. உங்கள் இங்கிலாந்து வருகை விசாவில் அந்தத் திட்டத்தின் சுருக்கமான BIVS என்ற எழுத்துகள் அச்சாகியிருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் முதலில் பிரிட்டனுக்குள் நுழைந்துவிட்டு அங்கிருந்து டப்ளின் போகலாம். நேராக டப்ளினில் இறங்கக் கூடாது, எந்த நாடு விசா தந்ததோ அந்த நாட்டில்தான் முதல் காலடி. எழுத்து இல்லையென்றால் தனி ஐரிஷ் விசா வேண்டும். ஒருமுறை நுழைய 60 யூரோ, தங்கல் அதிகபட்சம் 90 நாள், பயணத்துக்கு மூன்று மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். இணையத்தில் படிவத்தை நிரப்பி, சுருக்கத்தை அச்செடுத்துக் கையெழுத்திட்டு, ஆவணங்களோடு கொடுக்க வேண்டும். வங்கிக் கணக்கு விவரம் ஆறு மாதத்துக்கு. சொத்துப் பத்திரம் போன்றவை தமிழில் இருந்தால் சான்றளிக்கப்பட்ட ஆங்கில மொழிபெயர்ப்பும் சேருங்கள். இலங்கைக் கடவுச்சீட்டுக்காரர்களுக்கு இந்தக் கூட்டுத் திட்டம் இல்லை, இரண்டு விசாவும் தனித்தனி.

எழுத்தாளர் வீடு தேடிப் போகிறவர்கள் விழும் குழி இன்னொன்று. கவிஞர் ஷேமஸ் ஹீனியின் ஊர் பெலாகி. நினைவு மையமும் அங்கே, கல்லறையும் அங்கே. ஆனால் அது வட அயர்லாந்து, அதாவது பிரிட்டன். டப்ளினிலிருந்து பஸ்ஸில் போனால் எல்லையில் யாரும் நிறுத்தாமல் போகலாம். நிறுத்தவில்லை என்பதால் அனுமதி உண்டு என்று ஆகிவிடாது. வெறும் ஐரிஷ் விசாவோடு எல்லை தாண்டாதீர்கள்.

கே: கதாநாயகி பெயரை 'சியோப்ஹன்' என்று எழுதினேன். முகநூலில் கிண்டல் செய்கிறார்கள். (வாசகர், மதுரை)

ப: 'ஷிவான்' என்று மாற்றுங்கள். ஐரிஷ் எழுத்துக்கு ஆங்கில விதியைப் போட்டால் எல்லாப் பெயரும் உடையும். ஒரு மெய்யெழுத்துக்குப் பின்னால் 'எச்' வந்தால் ஓசை இளகுகிறது என்று பொருள். 'பி'யும் (b) 'எம்'மும் (m) இப்படி இளகி பெரும்பாலும் 'வ' ஆகும், 'டி எச்' (th) வெறும் 'ஹ' ஆகும். 'எஸ்' பக்கத்தில் 'ஐ' அல்லது 'இ' இருந்தால் 'ஷ'. ஆக நியாம்ஹ் என்று தோன்றுவது நீவ். ஓய்சின் அல்ல, ஓஷீன். இளவேனில் மாதிரி இனிக்கும் 'சம்ஹைன்' திருவிழா உண்மையில் சௌவின், வருவதோ நவம்பர் முதல் நாள். கூ ஹுலின் என்ற வீரனின் பெயரில் நடுவே வரும் ஒலி ஆங்கிலேயருக்குத் தகராறு, நமக்கு இல்லை. 'பகல்' என்று சொல்லும்போது நடுவில் வரும் ககரத்தைக் கொஞ்சம் காற்றோடு சொன்னால் வந்துவிடும்.

உரையாடலில் கவனிக்க வேண்டியது விளி. நாம் கண்ணனைக் கூப்பிடும்போது கண்ணா என்று கடைசியை மாற்றுகிறோம். ஐரிஷில் தலையை மாற்றுவார்கள். மாய்ரா என்பவளைக் கூப்பிட்டால் 'அ வாய்ரா'. இது தெரியாமல் அதே கதையில் மாய்ரா, வாய்ரா என்று இரண்டு பெண்கள் இருப்பதாக நினைத்து மொழிபெயர்த்துவிடாதீர்கள்.

கே: போட்டிக்கு ஒரு பேய்க்கதை அனுப்பியிருக்கிறேன். பான்ஷீ என்ற பேய் நாயகனின் குடும்பத்தைப் பழிவாங்கிக் கொல்கிறது. பேய் பற்றிய விவரம் சரியா என்று பார்த்துச் சொல்லுங்கள். (வாசகர், பாளையங்கோட்டை)

ப: பான்ஷீ யாரையும் கொல்ல மாட்டாள். அவள் வேலை அழுவது. வீட்டில் சாவு விழப்போகிறது என்றால் முந்தைய இரவு வெளியே அவள் ஒப்பாரி கேட்கும். பெயரின் பொருளே 'மேட்டுப் பெண்'. மேடு என்றால் பழைய மண்கோட்டைகள், அங்கேதான் ஷீ என்னும் மறைவான மக்கள் குடியிருப்பதாக நம்பிக்கை. பெயருக்கு முன்னால் ஓ, மெக் என்று வரும் பழங்குடும்பங்களை மட்டும்தான் அவள் தொடர்வாள் என்பார்கள். சொந்தக்காரி மாதிரி. கொலைகாரியாக்கினால் அவள் உறவையே அறுத்துவிடுகிறீர்கள். கதையைத் திருப்பிப் போடுங்கள்: அழுகை கேட்கிறது, யாருக்கு என்று தெரியவில்லை, வீட்டில் மூன்று பேர் படுக்கையில் இருக்கிறார்கள். பயம் அங்கே இருக்கிறது.

அந்த அழுகைக்கு மாதிரி வேண்டுமென்றால் மனிதப் பெண்களின் ஒப்பாரியைத்தான் பார்க்க வேண்டும். ஐரிஷில் அதற்குக் கீனே என்று பெயர். நம்மூரைப் போலவே கூலிக்கு அழுபவர்களும் இருந்தார்கள், திருச்சபை கண்டித்து ஒழித்தது. எழுத்தில் தங்கியவற்றுள் தலையாயது ஐலீன் டுவ் நி ஹொனல் தன் கணவன் ஆர்ட் ஓ லீரிக்காகப் பாடியது, 1773. கத்தோலிக்கன் ஐந்து பவுனுக்கு மேற்பட்ட குதிரை வைத்திருக்கக் கூடாது என்பது அன்றைய சட்டம். அவன் தன் குதிரையை ஐந்து பவுனுக்கு விற்க மறுத்தான், சுடப்பட்டான். குதிரை மட்டும் ரத்தத்தோடு வீடு திரும்புகிறது. பாட்டில் அவள் சொல்வது மூன்று தாவல்: ஒன்றில் வாசற்படி, அடுத்ததில் வெளிக்கதவு, மூன்றாவதில் குதிரை முதுகு. போய்ச் சேர்ந்தபோது உன் ரத்தத்தைத் துடைக்கவில்லை, கையில் ஏந்திக் குடித்தேன் என்கிறாள். முத்துப்பல் வரிசையும் கண்ணாடிக் குளமும் போட்டு ஒப்பாரி எழுதுகிறவர்கள் ஒருமுறை இதைப் படித்துவிட்டு எழுதலாம்.

தொப்புரக்கான் என்று நீங்கள் எழுதியிருப்பது லெப்ரகான். அவன் செருப்புத் தைப்பவன், பச்சைச் சட்டை பின்னால் வந்த வேஷம். பழைய வர்ணனைகளில் சிவப்புக் கோட்டும் உண்டு. தேவதை மரம் வேண்டுமென்றால் வயல் நடுவே தனியாக நிற்கும் ஹாதார்ன் முட்செடி. அதை வெட்டினால் கேடு என்பது வெறும் பழங்கதை இல்லை. 1999இல் கிளேர் மாவட்டம் லாட்டூனில் நெடுஞ்சாலை வேலைக்கு நடுவே வந்த ஒரு முட்செடிக்காகக் கதைசொல்லி எடி லெனிஹன் பத்திரிகைகளில் குரல் கொடுத்தார். சாலை வந்தது, செடியும் வேலியோடு நிற்கிறது.

கே: அயர்லாந்துக்குப் போகவே வசதியில்லாதவன் அயர்லாந்தை வைத்துக் கதை எழுதலாமா? (வாசகர், சென்னை)

ப: டிரான்சில்வேனியாவைக் கண்ணால் பார்க்காமல் 'டிராகுலா' எழுதிய பிராம் ஸ்டோக்கர் டப்ளின்காரர்தான். ஆனால் உங்களுக்கு நல்ல முன்மாதிரி ஜேம்ஸ் ஜாய்ஸ். 1904 ஜூன் 16 என்ற ஒரே நாளின் டப்ளினை 'யுலிசிஸ்' நாவலில் அவர் எழுதியது ட்ரியெஸ்ட், சூரிக், பாரிஸ் நகரங்களில் உட்கார்ந்து. கையில் 1904ஆம் ஆண்டின் தாம்ஸ் முகவரிப் புத்தகம், தெருத் தெருவாக எந்த எண்ணில் யார் என்று. அதில் இல்லாததைக் கடிதம் போட்டுக் கேட்டார். 1921 நவம்பரில் அத்தை ஜோசபினுக்கு எழுதிய கேள்வி: எக்லஸ் தெரு 7ஆம் எண் வீட்டுக் கம்பி வேலியைச் சாதாரண ஆள் ஒருவன் ஏறித் தாண்டி, அடிக்கம்பியைப் பிடித்துத் தொங்கி, கால் தரைக்கு இரண்டு மூன்றடி உயரத்தில் இருக்கும்போது விட்டால் அடிபடாமல் இறங்க முடியுமா? சாவியை மறந்த நாயகன் வீட்டுக்குள் நுழைய அவருக்கு அந்தப் பதில் தேவைப்பட்டது. புத்தகம் மூன்று மாதத்தில், 1922 பிப்ரவரி 2இல் வெளிவந்தது. அந்த வீடு இப்போது இல்லை, கதவை மட்டும் ஜேம்ஸ் ஜாய்ஸ் மையத்தில் வைத்திருக்கிறார்கள்.

உங்களுக்கு அத்தை வேண்டியதில்லை. 1901, 1911 மக்கள்தொகைக் கணக்கின் வீட்டுப் படிவங்கள் தேசிய ஆவணக் காப்பகத் தளத்தில் இலவசம்: வீட்டுக்கு எத்தனை ஜன்னல், யார் யாருக்கு எழுதப் படிக்கத் தெரியும், எந்த மொழி என்று எல்லாம் இருக்கும். நாட்டார் கதைக்கு 'டூகஸ்' தளம். 1937 முதல் 1939 வரை சுமார் 5,000 பள்ளிகளில் 50,000 பிள்ளைகள் தாத்தா பாட்டிகளிடம் கேட்டு நோட்டில் எழுதியது அங்கே ஊர்வாரியாக இருக்கிறது. வைத்தியம், பேய், கூலி, வானிலை அறிகுறி எல்லாம் உண்டு. ஒன்று கவனம்: வணிக நோக்கமில்லாமல், மூலத்தைக் குறிப்பிட்டுப் பயன்படுத்தத்தான் பொது உரிமம். விலை போட்டு விற்கும் நூலில் பக்கத்தை அப்படியே எடுத்துப் போட டப்ளின் பல்கலைக்கழகக் கல்லூரியின் நாட்டார் தொகுப்பகத்திடம் எழுத்தில் அனுமதி கேளுங்கள்.

போட்டிக்கு வந்த கதைகளில் அதிகம் பார்த்த பிழை வெளிச்சம். ஜூன் மாத டப்ளினில் ஏழு மணிக்கு இருட்டுகிறது! அங்கே அப்போது சூரியன் மறைய ஏறக்குறைய இரவு பத்து. டிசம்பரிலோ மாலை நாலு மணி தாண்டியதும் போய்விடும். இன்னும் சில: பாம்பு கடிக்கிறது (அயர்லாந்தில் காட்டுப் பாம்பே கிடையாது), 1998இல் யூரோ நோட்டை நீட்டுகிறார்கள் (2002 வரை ஐரிஷ் பவுன்), பழைய ஹாலோவீனில் பூசணி குடைகிறார்கள் (அங்கே குடைந்தது டர்னிப்).

கே: எந்த ஐரிஷ் நூலில் தொடங்கலாம்? நாவல் வேண்டாம். (வாசகி, ஈரோடு)

ப: பிளாஸ்கட் தீவு மீனவர் தோமாஸ் ஓ கிரிஹனின் தன்வரலாறு 'தீவுக்காரன்', 1929. வெளியிலிருந்து மொழி படிக்க வந்தவர்களில் ஒருவர் அவருக்கு கார்க்கியை வாசித்துக் காட்ட, 'இப்படி மீனவன் வாழ்க்கையையும் எழுதலாமா' என்று பிறந்த புத்தகம். மிகையே கிடையாது, பிள்ளைகள் சாவதைக்கூட இரண்டு வரியில் சொல்லிவிட்டு வலைக்குத் திரும்பிவிடுவார். 1953இல் தீவைக் காலி செய்துவிட்டார்கள். பயண எழுத்துக்கு ஜெர்மானியர் ஹைன்ரிஹ் பெல்லின் 'ஐரிஷ் நாட்குறிப்பு', 1957. அகில் தீவின் கைவிடப்பட்ட கல் கிராமத்தில் அவர் நடக்கும் அத்தியாயத்தை மட்டும் தனியாக இரண்டு முறை படியுங்கள். அங்கே அவர் தங்கிய வீடு இப்போது எழுத்தாளர், ஓவியர் தங்கி வேலை செய்யும் இடம். மொனகன் மாவட்டம் அனமகெரிகில் டைரோன் கத்ரி மையமும் அப்படித்தான், 1981 முதல். பகலில் யாரும் யாரையும் தொந்தரவு செய்ய மாட்டார்கள், இரவு ஏழு மணிச் சாப்பாட்டுக்கு மட்டும் எல்லோரும் ஒரே மேசைக்கு வர வேண்டும்.

கே: தமிழுக்கும் அயர்லாந்துக்கும் என்ன சம்பந்தம் என்று என் மாமா கேட்கிறார். (வாசகர், நெல்லை)

ப: இடையன்குடி கால்டுவெல் பிறந்தது 1814இல் அயர்லாந்தின் ஆன்ட்ரிம் அருகே கிளாடியில், பெற்றோர் ஸ்காட்லாந்துக்காரர்கள். பாரதியார் குருவாகக் கொண்டு 'ஸ்வதேச கீதங்கள்' நூலைச் சமர்ப்பித்த நிவேதிதா டங்கனனில் பிறந்த ஐரிஷ் பெண். அடையாறுக்கு 1915இல் வந்த ஜேம்ஸ் கசின்ஸ், யேட்ஸ் வட்டத்து நாடகக்காரர். அவர் மனைவி மார்கரெட் 1917இல் இந்திய மாதர் சங்கம் தொடங்கியவர்களுள் ஒருவர். மாமாவுக்கு இது போதும்.

கே: பப்பில் உட்கார்ந்தால்தான் கதை கிடைக்குமாமே? (பெயர் வேண்டாம், சேலம்)

ப: கிடைக்கும். ஒருவர் உங்களுக்கு வாங்கிக் கொடுத்தால் அடுத்த சுற்று உங்கள் கணக்கு. பதில் சுற்று வாங்காமல் எழுந்து போனவரைப் பற்றித்தான் அப்புறம் கதை சொல்வார்கள். குடிக்காதவர் தேநீர் கேட்கலாம், யாரும் ஒன்றும் நினைக்க மாட்டார்கள்.

கே: யேட்ஸையும் சிங்கையும் தமிழில் மொழிபெயர்த்து வெளியிட அனுமதி வேண்டுமா? (வாசகி, புதுச்சேரி)

ப: வேண்டாம். சிங் இறந்தது 1909, யேட்ஸ் 1939. ஆசிரியர் இறந்து அறுபது ஆண்டு கடந்துவிட்டால் இந்தியாவில் உரிமை முடிந்தது. ஜாய்ஸ் (1941) எழுதி வெளிவந்தவையும் அப்படியே. ஹீனி 2013இல்தான் மறைந்தார், அவருக்கு வேண்டும். ஓ கிரிஹன் ஐரிஷில் எழுதியவர். நீங்கள் ஆங்கிலம் வழியாகப் பெயர்த்தால் அந்த ஆங்கில மொழிபெயர்ப்பாளரின் உரிமை தனி என்பதை மறக்காதீர்கள்.

கே: குறிப்பெடுக்க என்ன கொண்டு போவது? குடை எடுக்கவா? (வாசகர், கரூர்)

ப: பென்சில். மேற்குக் கரையில் ஆண்டுக்கு 225 நாள் வரை மழை தூறும், மைப்பேனா எழுத்து பாதி வழியிலேயே கரைந்துவிடும். குடையைக் காற்று திருப்பிவிடும், தலைமூடி வைத்த மழைக்கோட்டுதான் சரி. நோட்டைச் சட்டைப்பையில் அடங்கும் அளவில் வாங்கி, உறை போட்ட பிளாஸ்டிக் பைக்குள் வையுங்கள். கைபேசிச் சார்ஜருக்கு மூன்று தட்டைக் கால் உள்ள பிரிட்டிஷ் பிளக் மாற்றி வேண்டும். சென்னையிலேயே வாங்கிவிடுங்கள், தீவில் கடை ஒன்றே ஒன்று.